தெற்கே தலைமாடு வைத்த பாத்தி

எங்கள் தோட்டத்து வேலியைக் கடக்கும்போது பக்கத்து வீட்டு மார்த்தா தினமும் தொப்பியைக் கழற்றிவிட்டுப் போவார். எனக்குத்தான் வணக்கம் என்று நானும் அசட்டுத்தனமாகக் கையசைத்துக்கொண்டிருந்தேன். நேற்று கேட்டேவிட்டேன். அவர் குரலைத் தாழ்த்தி, "அங்கே யார் இருக்கிறார்கள்?" என்றார். நீங்கள் கொடுத்த விதையில் வந்த பூப்பாத்திதானே என்றேன். "பூ தெரிகிறது. அடியில் யார் என்று கேட்டேன். கல்லறையைக் கடக்கும்போது தொப்பியைக் கழற்றுவது எங்கள் வழக்கம்" என்றார்.

கோல்டன்ராட், ஆஸ்டர். கோடை முடிகிற சமயத்தில் மஞ்சளும் ஊதாவுமாகப் பூக்கிற, இந்த ஒஹாயோ மண்ணுக்கே உரிய காட்டுச்செடிகள். ஊரில் நாம் பூச்செடி வைப்பது பறிக்க. இங்கே பறித்தால் தேனீக்குப் பாவம் என்கிறார்கள். இரண்டு வருஷம் முன்னால், குளிர் தொடங்குமுன், விதையை மணலில் கலந்து தூவச் சொன்னார் மார்த்தா. மூடக் கூடாது, காலால் மிதித்தால் போதும், பனிக்கடியில் கிடந்தால்தான் முளைக்கும், பூக்க இரண்டு வருஷம் ஆகும் என்றார். வரப்பு வெட்டிப் பழகிய கைக்கு அளவு எதற்கு என்று கண்மதிப்பில் பாத்தியை வெட்டினேன்.

அதற்குச் சில வாரம் முன்னால், ஆவணியில், அப்பா இறந்திருந்தார். விசாக் காகிதம் நடுவழியில் கிடந்தது. போனால் திரும்ப முடியாது. மூத்தவன் வைக்கவேண்டிய கொள்ளியைத் தம்பி வைத்தான். மறுநாள் வெண்ணாற்றங்கரையில் சாம்பலை ஆள்வடிவாகக் கூட்டி, தலைமாடு தெற்கே வைத்து, பாலூற்றி, அவன் நவதானியம் தெளித்ததைப் போனில் பார்த்தேன். எனக்கு அழுகைகூட வரவில்லை. அந்த வெட்கம் இன்னும் போகவில்லை.

மார்த்தா போனதும் மாடி ஜன்னலிலிருந்து பாத்தியைப் பார்த்தேன். தெற்கு முனை உருண்டை. அடுத்து தோள்போல் அகலம். வடக்கே போகப்போகக் குறுகல். போனில் பார்த்த அதே ஆள்வடிவு. அம்மாவைக் கூப்பிட்டு வீடியோவில் காட்டினேன்.

"செருப்பில்லாமத்தான தெளிச்ச?"

"ஆமாம்மா."

"அப்பறம் என்ன தம்பி. நீ செய்யவேண்டியத உங்கையே செஞ்சிருக்கு."

அப்பா போய் இரண்டு வருஷம் கழித்து, அப்போதுதான் அழுதேன். அவளும் மூக்கைச் சிந்தினாள். பிறகு போனைக் கண்ணருகே கொண்டுபோய், "ஆனா அவரு இவ்வளவு நெட்டை இல்லையேடா" என்றாள்.

காகிதம் வந்துவிட்டது. அடுத்த வாரம் திதிக்கு எள்ளும் தண்ணீரும் நான்தான் விடப்போகிறேன். திரும்பி வரவும் டிக்கெட் போட்டாயிற்று. இன்று காலை டேப்பை எடுத்துப்போய்ப் பாத்தியை அளந்தேன். ஐந்தடி பதினோரு அங்குலம். அப்பா ஐந்தடி நாலு, தம்பியும் அப்படித்தான். எங்கள் குடும்பத்தில் இந்த உயரம் நான் ஒருவன்தான்.

நிமிர்ந்தபோது வேலிக்கு அப்பால் மார்த்தா நின்றிருந்தார். என்னைப் பார்த்துத் தொப்பியைக் கழற்றினார். நான் கையசைக்கவில்லை.