தாழியில் முக்கின ஆக்சில்

கேரள எல்லையோரக் கொழிஞ்சாம்பாறையில், பொள்ளாச்சி பஸ் போகும் ரோட்டோரம் எங்களுக்கு ஒரு துண்டு நிலம் சும்மா கிடந்தது. பழைய பாகங்களை வைத்து நான் கூட்டிச் சேர்க்கும் கார் பொள்ளாச்சி வரை போய்த் திரும்பினால், அந்த இடத்தில் எனக்கு ஒர்க்ஷாப் வைத்துத் தருவதாக அப்பா சொல்லியிருந்தார். எழுபதுகளின் நடுவில், ஐ.டி.ஐ. முடித்தும் வேலை கிடைக்காமல் தண்டச்சோறு என்று பெயர் வாங்கிக்கொண்டிருந்தவனுக்கு அதை விட்டால் வேறு போக்கிடம் இல்லை.

அடிச்சட்டமான சேசிஸும் சக்கரங்களும் ஒரு பழைய ஜீப்பினுடையவை. எஞ்சினின் சுழற்சியைப் பின்சக்கரங்களுக்குப் பிரித்துத் தரும் அதன் டிஃபரென்ஷியல் தேய்ந்துபோனதால் ஒரு வேனுடையதைப் பொருத்தினேன். அங்கே பிடித்தது சனி. டிஃபரென்ஷியலையும் சக்கரத்தையும் இணைக்கும் தண்டுதான் ஆக்சில்; வேன் ஆக்சில் ஜீப் சக்கரத்தில் சேராது. ஜீப் ஆக்சில் வேன் டிஃபரென்ஷியலுக்குள் நுழையாது. வலது, இடது இரு பக்கத்துக்கும் இரண்டு வண்டி ஆக்சிலையும் அறுத்து, இதில் பாதி அதில் பாதியாகச் சேர்த்து, மேலே குழாய் மாட்டி வெல்டிங் வைத்தேன். சட்டென்று குளிர்ந்தால் அந்த இடம் விறைத்து, பாரம் விழுந்ததும் ஒடிந்துவிடும். மெதுவாக ஆறட்டும் என்று சூடான சாம்பலில் புதைத்துவிட்டுச் சாப்பிடப் போனேன்.

திரும்பி வந்தால் இரண்டு ஆக்சிலும் மாட்டுத் தாழித் தண்ணீரில் கிடக்கின்றன. பக்கத்தில் அப்பா, பெரிய உபகாரம் செய்த முகத்தோடு. கலப்பைக் கொழுவைக் காய்ச்சி அடித்ததும் தண்ணீரில் முக்கித்தான் எங்கள் ஊரில் உறுதியாக்குவார்கள். இரும்பென்றால் அவருக்குக் கொழுதான்.

"இது ஒடஞ்சு போயிருமுங்கப்பா. மறுக்கா வெட்டி ஒட்டறனுங்க" என்றேன்.

"நானென்ன நேத்துப் பொறந்தவனா? பேசாம மாட்டுடா."

மறுநாள் பொள்ளாச்சியில் ஒரு நிச்சயதார்த்தம். சொந்தக் காரில் வருவதாகச் சொந்தபந்தம் எல்லோரிடமும் சொல்லி முடித்திருந்தார். எங்கள் வீட்டில் அப்பா செய்தது தப்பு என்று இரண்டாம் முறை சொல்லும் வழக்கம் கிடையாது. பல்லைக் கடித்துக்கொண்டு மாட்டினேன்.

அம்மாவையும் உறவுக்காரர்களையும் ஏற்றிக்கொண்டு மாநில எல்லைச் செக்போஸ்ட் வரை போனோம். நிறுத்தி மறுபடி எடுத்தபோது பின்னால் ஒரு சத்தம். எஞ்சின் உறுமியது, கார் நகரவில்லை. ஒரு பக்கத்து ஆக்சில் வெல்டிங் ஓரத்திலேயே துண்டாகியிருந்தது.

கூட்டம் கூடிவிட்டது. அப்பா என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் அவர்களிடம் சொன்னார்: "பையன் படிச்ச படிப்பு அவ்வளவுதானுங்க."

அம்மாவுக்கு உண்மை தெரியும். அவளும் தலையைக் குனிந்துகொண்டாள். அதுதான் எனக்கு அதிகம் வலித்தது.

காளைகளைக் கட்டிக் காரை இழுத்து வந்தோம். நான் ஸ்டியரிங் பிடித்து உட்கார்ந்திருந்தேன். அப்பா முன்னால் நடந்து, எதிரே வந்தவர்களை ஒருவர் விடாமல் நிறுத்தி, நான் காரை உடைத்த கதையைச் சொன்னார். அந்த வாரமே ரோட்டோர நிலத்தில் மாட்டுக்குச் சோளம் விதைத்தார். நான் கஞ்சிக்கோட்டில் எவனுக்கோ கீழே வேலைக்குப் போனேன்.

பல வருஷம் கழித்து அப்பா இறந்த அன்று, துக்கம் கேட்க வந்த ஒரு பெரியவர் என் கையைப் பிடித்துக்கொண்டு நான் யாரென்று யோசித்தார். பிறகு முகம் தெளிந்து, "ஓ, அந்தக் காரை ஒடச்ச பையனுங்களா?" என்றார். ஆமாம் என்றேன்.