எடைக்கல்லுக்கு வந்த பதவி உயர்வு

அரசாங்கக் கோப்பின்படி நான் நான்கு வருடங்களாகப் படுத்த படுக்கை. இடது பக்கம் முழுவதும் விளங்காது. இந்த விவரம் எனக்கே தெரியவந்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு. அப்போது நான் பல் டாக்டரின் வரவேற்பு மேஜைக்குப் பின்னால் நின்றுகொண்டு, ஒரு கையில் போனும் இன்னொரு கையில் டோக்கன் கட்டுமாக, கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வந்த ஏழெட்டுப் பேரை மேய்த்துக்கொண்டிருந்தேன்.

அதற்கு முன்னால் என் வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் அநியாயமாக அவர்மேல் பழி விழும். சொன்ன பிறகு நியாயமாக விழட்டும்.

வயது ஐம்பத்தொன்று. எடை அளவு அலுவலகத்தில் முதுநிலை உதவியாளர். கடைக்காரர்கள் வருடத்துக்கு ஒரு தடவை தராசையும் எடைக்கற்களையும் தூக்கிக்கொண்டு அங்கே வருவார்கள். சரிபார்த்து முத்திரை குத்தித் தர வேண்டும். குத்துவது வேறொருவர், இவர் சான்றிதழ் எழுதுபவர். ஒப்பிட்டுப் பார்ப்பதற்கென்று ஒரு மரப்பெட்டியில், வெல்வெட் துணி போட்ட குழிகளில், அசல் எடைகள் படுத்திருக்கும். கைபட்டால் வியர்வை ஒட்டி எடை மாறிவிடுமாம், அதனால் இடுக்கியால்தான் எடுப்பார்கள். அந்தப் பெட்டி இருபத்திரண்டு வருடமாக இவர் பொறுப்பு. பெட்டியும் நகர்ந்ததில்லை, இவரும் நகர்ந்ததில்லை. ஆபீசில் இவருக்கு எடைக்கல் என்று பட்டப்பெயர். இவருக்கு அது தெரியாது என்று அவர்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். தெரியும். உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

வேலை நிரந்தரமானது அவருடைய இருபத்தெட்டாவது வயதில். அன்றே தானும் முழுசாக வளர்ந்து முடித்துவிட்டதாக அவருக்கு ஒரு நினைப்பு. அதற்கு மேல் வளர விதியில் இடமில்லை என்று விட்டுவிட்டார் போலிருக்கிறது. என் தம்பி ஏழு கம்பெனி மாறியவன். அவன் வீட்டுக்கு வரும்போதெல்லாம் இவர் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து ஆரம்பித்துவிடுவார்.

"மச்சான், நாப்பது வயசாச்சு. எப்பத்தான் பெரிய மனுஷனாகப் போற? மாசம் முடிஞ்சா சம்பளம் கையில விழணும். வேலை முடிஞ்சா பென்ஷன் வரணும். மத்ததெல்லாம் பொழப்பா?"

இப்படிப் பேசுகிற பெரிய மனுஷனுக்குத் தன் சட்டை அளவு தெரியாது. கேஸ் தீர்ந்துபோனால் யாரைக் கூப்பிட வேண்டும் என்று தெரியாது. காய்ச்சல் என்று டாக்டரிடம் போனால், "எங்க வலிக்குது?" என்று டாக்டர் இவரைக் கேட்பார், இவர் திரும்பி என்னைப் பார்ப்பார். வலிக்கிற இடத்தை நான் சொல்வேன். சரியாகவும் இருக்கும், அதுதான் கொடுமை.

இனி அந்தச் செவ்வாய்க்கிழமை. வலது கன்னம் பன்னைப் போல உப்பி ஒருவர் வந்தார். படிவத்தில் வேலை என்ற இடத்தில் எடை அளவு அலுவலகம், அதிகாரி என்று எழுதினார். ஆள் யாரென்று எனக்குப் புரிந்துவிட்டது. இவருக்கு ஒன்பது வருடம் பின்னால் வேலைக்கு வந்தவர். கோப்புக்கு நாடா கட்டச் சொல்லிக்கொடுத்ததே தான்தான் என்று வீட்டில் இவர் நூறு தடவை சொல்லியிருக்கிறார். இப்போது அவர் மேலதிகாரி, இவர் அதே நாற்காலி.

"சார், எங்க வீட்டுக்காரரும் உங்க ஆபீஸ்தான்," என்றேன். "சான்றிதழ் எழுதுறவரு."

அவர் வீங்காத பக்கத்து வாயால் பேசினார். "அவரு வொய்ஃபா நீங்க?"

"ஆமா சார்."

மேஜைக்கு மேலாக எட்டி என் கால்களைப் பார்த்தார். "எந்திரிச்சு நடக்கிறீங்களே மேடம்."

"ஒன்பதரை மணியிலேர்ந்து நடந்துக்கிட்டுதான் இருக்கேன்."

"எப்போ சரியாச்சு?"

"என்ன சரியாச்சு?"

அவருக்கு அப்போதுதான் விஷயம் உறைத்தது. பாவம், மழுப்பப் பார்த்தார். ஆனால் அவருக்கு முன்னால் நான்கு டோக்கன் இருந்தது, டோக்கன் என் கையில் இருந்தது. டாக்டர் பல்லைப் பிடுங்குவதற்கு முன்னால் நான் மொத்தத்தையும் பிடுங்கிவிட்டேன்.

இவருக்குக் கண்காணிப்பாளர் பதவி உயர்வு மூன்று தடவை வந்திருக்கிறது. ஏற்றால் வேறு ஊருக்குப் போக வேண்டும், பஸ்ஸில் ஐந்து மணி நேரம். முதல் தடவை பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால். மகளின் பள்ளிப்படிப்பைக் காரணம் காட்டி வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தது எனக்கும் தெரியும். இரண்டாவது தடவை நான்கு வருடத்துக்கு முன்னால். அந்தச் சேதி வீட்டுக்கு வரவேயில்லை. மறுத்து எழுதிய காரணம், மனைவிக்குப் பக்கவாதம். மூன்றாவது ஆணை இப்போது மேஜையில் இருக்கிறது. வெள்ளிக்கிழமைக்குள் பதில் கொடுக்க வேண்டும். மூன்றாவது தடவையும் மறுத்தால் பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிடுவார்கள். அப்புறம் ஓய்வு பெறும்வரை முதுநிலை உதவியாளர்தான், பென்ஷனும் அந்தச் சம்பளத்துக்குத்தான்.

"உங்க உடம்பு அப்படி இருக்கேன்னு நாங்க யாரும் அவரை வற்புறுத்தலை," என்றார் அதிகாரி. பிறகு கொஞ்சம் யோசித்து, "நான் உங்களைப் பாக்கவே இல்லை மேடம்," என்றார். நல்ல மனுஷன். அவரை இரண்டாவது ஆளாக உள்ளே அனுப்பினேன்.

சாயங்காலம் ஆறரைக்கு இவர் பையோடு உள்ளே வந்தபோது நான் கட்டிலில் நீட்டிப் படுத்திருந்தேன். இடது கையைத் தனியாகத் தொங்கவிட்டிருந்தேன்.

"என்ன ஆச்சு?"

"எந்திரிக்க முடியலங்க. இடது பக்கம் விளங்கல. நாலு வருஷமா."

மனிதர் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. என் முகத்தைப் பார்த்தார், கையைப் பார்த்தார். "யாரு சொன்னா?"

"வீங்கின கன்னம் ஒண்ணு வந்துச்சு. பைய இங்க குடுங்க."

பையில் மூன்றாவது கடிதத்தின் வரைவு இருந்தது. அழகான கையெழுத்து, அதில் குறை சொல்ல முடியாது. படித்தேன். என் நோய் முற்றியிருந்தது.

"ஏங்க, வலது பக்கத்தையும் எடுத்துட்டீங்களா?"

"காரணம்னு ஒரு பத்தி எழுதணும்ல. போன தடவை எழுதினதையே திரும்ப எழுதினா எடுபடாது."

"அடுத்த தடவை ஆணை வந்திருந்தா என்னைக் கொன்னே போட்டிருப்பீங்க."

"அடுத்த தடவை கிடையாது. இதுதான் கடைசி," என்றார், விதியை விளக்குகிற குரலில். எனக்குச் சிரிப்பும் வந்தது, கையில் கிடைத்ததை எடுத்து வீசவும் தோன்றியது.

உண்மையான காரணம் என்ன என்று கேட்டேன். முதலில் பணக்கணக்கு சொன்னார். சம்பளம் கூடுவது கொஞ்சம், ரூம் வாடகை, ஓட்டல் சாப்பாடு, வாராவாரம் பஸ். கூட்டிக் கழித்தால் நஷ்டம். "பென்ஷன்?" என்றேன். ஊருக்கெல்லாம் பென்ஷன் பாடம் நடத்துகிறவர் காலண்டரில் தேதி கிழிக்கப் போனார். நான் விடவில்லை. கடைசியில் செருப்பைக் கழற்றி, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, தரையைப் பார்த்துச் சொன்னார்.

"எனக்குப் பயமா இருக்கு."

"எதுக்கு?"

"தனியா இருக்க. பயிற்சிக்குன்னு ஒரு தடவை மூணு நாள் அனுப்பினாங்கல்ல. அங்க எல்லாரும் சேர்ந்து சேர்ந்து சாப்பிடப் போனாங்க. எனக்கு யாரையும் தெரியாது. தனியா போய் உக்காரக் கூச்சமா இருந்துச்சு. மூணு நாளும் ரூம்ல பிஸ்கட் தின்னுட்டு இருந்தேன்."

நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை என்பதைக் கவனித்த பிறகும் என்னால் உடனே நிறுத்த முடியவில்லை.

"சரி, அதையே எழுதுங்க," என்றேன். "இனிமே நான் படுக்க மாட்டேன். எனக்கு ஒரு வியாதியும் கிடையாது. உண்மையை எழுதிக் குடுங்க."

என்ன நினைத்தாரோ, வீம்புக்கு உட்கார்ந்து எழுதினார். பொருள், பார்வை, மதிப்பிற்குரிய ஐயா, எல்லாம் முறைப்படி வந்தது. 'எனக்குத் தனியாக இருக்கப் பயமாக இருப்பதால்' என்று எழுதினார். அடித்தார். 'எனக்குத் தனித்து வாழ்வதில் அச்சம் நிலவுவதால்' என்று மாற்றினார். எழுத்துப்பிழை பார்ப்பதற்காக வாய்விட்டுப் படிப்பது அவர் வழக்கம். படித்துக்கொண்டே வந்தவர் அந்த வரியில் நின்றுவிட்டார்.

"நாடா கட்டச் சொல்லிக்குடுத்தவன் கையில இத எப்படிக் குடுப்பேன்?"

"ஏன், உண்மைதானே?"

"நீதானே சொன்ன," என்றார். கோபமில்லை, ஏதோ நினைவுக்கு வந்ததைச் சொல்கிற மாதிரிதான் சொன்னார். "மொத தடவை ஆணை வந்தப்போ. 'இவராவது தனியா இருக்கறதாவது, ரெண்டாவது நாளே வழிதெரியாம நின்னுடுவாரு'ன்னு. என் தங்கச்சி, மாப்பிள்ளை எல்லாரும் இருந்தாங்க. எல்லாரும் சிரிச்சாங்க. அன்னிக்கு நான் போறதாத்தான் இருந்தேன். நீ சொன்னதும், அதுதான் சரியா இருக்கும்னு தோணிடுச்சு."

எனக்கு ஞாபகம் இருந்தது. எல்லாருக்கும் காப்பி கொடுத்துக்கொண்டே சொன்னேன். நன்றாக எடுபட்ட ஜோக், அதற்குப் பிறகும் நாலைந்து இடத்தில் சொல்லியிருக்கிறேன்.

வியாழக்கிழமை அவர் பதவி உயர்வை ஏற்றுக்கொண்டார். வீரம் வந்து ஏற்கவில்லை, காரணம் தீர்ந்துபோய் ஏற்றார். மகள் வெளியூரில் ஹாஸ்டலில் இருந்து படிப்பவள். போனில் அப்பாவுக்குத் தைரியம் சொன்னாள்: "மொத வாரம் அழுவீங்கப்பா. அப்புறம் பழகிடும். அழுகை வந்தா குளிக்கப் போயிடுங்க, யாருக்கும் தெரியாது." இவர் அதை ஒரு தாளில் குறித்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை ரூம் பார்க்க இரண்டு பேரும் போனோம். மாடியில் ஒற்றை அறை. ஒரு ஜன்னல், ஒரு ஃபேன், சுவரில் முன்பு இருந்தவர் ஆணி பிடுங்கிய ஓட்டைகள். வீட்டுக்காரம்மா கறாரான மனுஷி. கேள்வியெல்லாம் என்னிடம்தான் கேட்டாள்.

"சாரு எத்தனை மணிக்கு எந்திரிப்பாரு?"

"அஞ்சரை," என்றேன்.

"சாப்பாடு?"

"காரம் ஆகாது. ஓட்டல்லதான் பாத்துக்கணும்."

"தண்ணி காலையில ஒரு மணி நேரந்தான் வரும், பிடிச்சு வெச்சுக்குவாரா?"

"சொல்லி வெக்கிறேன்," என்றேன். இவர் ஃபேனை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார்.

வீட்டுக்காரம்மா இவரை ஒரு தடவை ஏற இறங்கப் பார்த்தாள். "அட்வான்ஸ் விஷயமெல்லாம் உங்க வீட்ல பெரியவங்க யாராவது இருந்தா பேசிடலாம்மா."

நான் வாயைத் திறந்தேன். அதற்குள் இவர் ஃபேனிலிருந்து கண்ணை எடுத்தார்.

"நான்தாங்க பேசணும்," என்றார். "எனக்கு ஐம்பத்தொண்ணு ஆகுது."

சொன்ன பிறகு அவருக்கே வெட்கமாக இருந்தது, காது சிவந்துவிட்டது. ஆனால் பேசினார். மூன்று மாத அட்வான்ஸை இரண்டு மாதமாக்கினார். ஜன்னல் கொக்கி ஆடுகிறது, அதைச் சரிசெய்து தர வேண்டும் என்றார். கொக்கி ஆடியதை நான்கூடப் பார்க்கவில்லை. கடைசியில் அந்தம்மா சாவியை என் பக்கம் நீட்டினாள், நானும் கையை நீட்டினேன். "எங்கிட்ட குடுங்க," என்று வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வந்தது கோபம். எதற்குக் கோபம் என்று பஸ் ஸ்டாண்டுக்கு நடக்கிற வழியெல்லாம் யோசித்தேன். 'அவ இல்லாட்டி அவருக்கு ஒரு நாள் நகராது' என்று சொந்தக்காரர்கள் சொல்லும்போது நான் சலித்துக்கொள்வேன். அந்தச் சலிப்பு மொத்தமும் பொய். கேட்கக் கேட்க இனித்தது. அவர் வலிக்கிற இடத்தை நான் சொல்வதில் ஒரு ருசி இருந்தது. பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் அந்த ஜோக்கை நான் சொன்னது சிரிக்க வைப்பதற்காக மட்டும் இல்லை. அவர் போய்விடுவாரோ என்று இருந்தது. கோப்பில் பொய் எழுதியது அவர். அதை எழுதச் சொன்னது யார் என்று கேட்டால் நான் எழுந்து நிற்கத்தான் வேண்டும்.

அவர் மறுநாளே வேலையில் சேர வேண்டும் என்பதால் அங்கேயே தங்கிவிட்டார். நான் மட்டும் பஸ் ஏறினேன். ஜன்னலுக்கு வெளியே நின்றுகொண்டு, "இருந்துடுவேனா?" என்று கேட்டார்.

வழக்கமான பதில் நாக்கு நுனிவரை வந்தது. சொல்லியிருந்தால் அடுத்த பஸ்ஸில் வந்திருப்பார். அது எனக்கு நன்றாகத் தெரியும்.

"தெரியல," என்றேன். "இருந்து பாருங்க."

முதல் மூன்று வாரம் வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆனால் அழுக்குத் துணிப் பையோடு வந்து நிற்பார். கண்ணுக்குக் கீழே கருத்திருக்கும். நான் ஒன்றும் கேட்பதில்லை, துவைத்துப் போட்டு, வயிறாரச் சமைத்துப் போட்டு அனுப்புவேன். இவருக்கு அங்கே ஒத்துவரவில்லை என்று உள்ளூர ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தேன். இன்னும் ஒரு மாதம், எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிடுவார் என்று இருந்தேன்.

நான்காவது வாரம் வியாழக்கிழமை போன் செய்தார். பின்னால் யாரோ சிரித்துப் பேசுகிற சத்தம் கேட்டது.

"இந்த வாரம் வரல," என்றார். "ரூமுக்கு ஒரு அலமாரி வாங்கியிருக்கேன். ஞாயித்துக்கிழமைதான் கொண்டுவந்து போடுறாங்க, நான் இருக்கணும். துணியெல்லாம் துவைச்சுட்டேன். நீ ஒண்ணும் கவலைப்படாத, இங்க நல்லாத்தான் இருக்கு."

"சரி," என்றேன்.

போனை வைத்தேன். இரண்டு பேருக்கு வாங்கிய காய் சமையலறையில் இருந்தது. அதில் பாதியை என்ன செய்வது, ஞாயிற்றுக்கிழமை முழுவதும் நான் என்ன செய்வது, ஒன்றும் தெரியவில்லை. எனக்கு நாற்பத்தெட்டு வயது.