நான் போட்ட பூட்டு

"...மத்ததெல்லாம் வெச்சிக்கோங்கக்கா, என் ஆதார் கார்டை மட்டும் பீரோவுல வெச்சி பூட்டிடாதீங்க" என்றாள் செல்வி.

கடத்தப்பட்டு மீட்கப்பட்ட பெண்களை வேலைக்குத் தயார் செய்யும் ஒரு சின்ன மையம் ஆரணியில் இருக்கிறது. அங்கே நான் பயிற்சி தருகிறேன். மறுநாள் பட்டுப்புடவைக் கடை ஒன்றில் எல்லாருக்கும் நேர்காணல். கிளம்புகிற அவசரத்தில் யாரும் எதையும் தொலைத்துவிடக் கூடாதென்று, அசல் சான்றிதழ்களையும் ஆதார் கார்டுகளையும் முதல் நாளே வாங்கிப் பூட்டி வைப்பது என் வழக்கம்.

"அட, அதுக்கு என்னா கால் முளைச்சி ஓடிடவா போவுது? பத்திரமா இருக்கும்மா" என்று சிரித்துக்கொண்டே சாவியைத் திருப்பினேன்.

அவள் முகம் வெளுத்துவிட்டது. "மில்லுல சூப்பர்வைசரும் சிரிச்சிகினேதான் வாங்கி வெச்சாரு, அக்கா. மூணு வருசம் கேட்டுகினே இருந்தேன். குடுக்கவே இல்ல. கார்டு இல்லாம எங்கன்னு ஓடறது, சொல்லுங்க?"

இத்தனை நாளும் மற்ற பெண்கள் மறுபேச்சின்றி கார்டை நீட்டியதை என் மேலுள்ள நம்பிக்கை என்றல்லவா நினைத்திருந்தேன்! கேட்டால் கிடைக்காது என்று பழகிப்போனவர்கள் அவர்கள்.

பீரோவைத் திறந்து, "மன்னிச்சிடும்மா" என்று அவள் கார்டைக் கொடுத்தேன்.

செல்வி அதோடு விடவில்லை. என்னைத் தாண்டிக் கையை நீட்டி, மிச்சமிருந்த கார்டுகளையும் அள்ளிக்கொண்டு, ஒவ்வொரு பெயராக உரக்கக் கூப்பிட்டபடி மற்ற பெண்கள் இருந்த பக்கத்து அறைக்குள் நுழைந்தாள்.