ஒன்பது வசனமும் ஒரு பாலமும்

அண்ணனின் நினைவு மலரில் அவரைப் பற்றி எழுத எனக்கு ஒதுக்கப்பட்டிருப்பது மூன்று பக்கம். தேவாரத்துக்கு நான்கு பக்கம், படங்களுக்கு ஆறு. அச்சகத்தில் கேட்டுப் பார்த்தேன், கூட்ட முடியாது என்றுவிட்டார்கள். எந்தக் கட்சி என்று எழுத வேண்டாம் என்று அண்ணி சொல்லியிருக்கிறார். திவசத்துக்கு எல்லாக் கட்சிக்காரரும் வருவார்கள், பந்தியில் சண்டை வரக் கூடாது என்பது அவருடைய கவலை. எனக்கும் அந்தக் கவலை உண்டு. ஆகவே 'கட்சி' என்று மட்டுமே எழுதுகிறேன்.

அண்ணன் பிறந்தது மாத்தளையிலிருந்து பல்லேபொல போகும் வழியில், ஓயா என்று நாங்கள் சொல்லும் சிற்றாற்றுக்கு அப்பால் உள்ள இறப்பர் தோட்டத்தில், வரிசையாக எட்டு அறை கொண்ட லயத்தின் கடைசிக் காம்பிராவில். அப்பா இறப்பர் மரங்களில் பால் வெட்டினார், அம்மா களை எடுத்தார். ஆறு பிள்ளைகளில் அண்ணன் மூத்தவர், நான் நான்காவது. அண்ணன் ஐந்தாம் வகுப்போடு நின்று அப்பாவுடன் பால் வெட்டப் போனார். நான் படித்துக் கணக்கு ஆசிரியரானேன்.

பால் வெட்டு விடியுமுன் தொடங்கி உச்சிப் பொழுதோடு முடிந்துவிடும். தேயிலைக் கொழுந்து பறிப்பவர்களுக்குக் கிடைக்காத அந்தப் பிற்பகல்தான் அண்ணனைக் கட்சிக்காரராக்கியது என்று நினைக்கிறேன். இன்னொரு காரணம் அவருடைய சிங்களம். மறுகரைக் கிராமத்துப் பையன்களோடு ஓயாவில் குளித்தும் அடிபட்டும் பழகிய சிங்களம் அது. எழுபதுகளின் தொடக்கத்தில் தோட்டங்களை அரசாங்கம் எடுத்து, லயத்துச் சனம் மரவள்ளிக்கிழங்குக்கும் அலைந்த நாட்களில், கட்சிக் கந்தோரில் இரண்டு பாஷையும் பேசத் தெரிந்த ஓர் ஆளைத் தேடினார்கள். அண்ணன் போனார். சில வருடங்களில் எங்கள் பகுதித் தோட்டங்களுக்கு அமைப்பாளரானார். சம்பளம் கிடையாது. கட்சி கொடுத்த ஒரு சைக்கிளும் பழையது.

வேட்பாளர் சிங்களத்தில் பேசுவார், அண்ணன் அதைத் தமிழில் சொல்வார். நாவுல டவுன் வரைக்கும் அவரைக் கூட்டிப் போவார்கள்.

எழுபத்தேழாம் ஆண்டுத் தேர்தலுக்கு எங்கள் தோட்டத்தில், காலையில் ஆட்களுக்கு வேலை பிரிக்கும் பெரட்டுக்களத்தில் கூட்டம். ஐயா என்று எல்லாரும் அழைத்த வேட்பாளர் மேசைமேல் ஏறி ஒன்பது வசனம் பேசினார். அண்ணன் தமிழில் பதின்மூன்று வசனம் சொன்னார். நான் எண்ணிக்கொண்டிருந்தேன். ஐயாவின் கடைசி வசனம், "நாங்கள் வென்றால் உங்கள் கஷ்டங்களைக் கவனிப்போம்" என்பது. அண்ணன் ஓயாப் பக்கம் கையை நீட்டிச் சொன்னது இது:

"வர்ற தீவாளிக்குள்ள இந்த ஓயாவுக்குப் பாலம் போட்டுத் தருவேன்னு ஐயா சொல்றாங்க!"

சனம் எழுந்து நின்று கை தட்டியது. தன் பேச்சு இவ்வளவு பிடித்துவிட்டதே என்று ஐயாவுக்குப் பூரிப்பு. இரண்டு கைகளையும் தூக்கிக் கும்பிட்டார்.

"அவரு பாலம்னு வாயே தெறக்கலையே அண்ணே," என்றேன் கீழே இறங்கியதும்.

"தெறந்திருக்கணும்ல," என்றார்.

அப்போது ஓயாவைக் கடக்க இருந்தது ஒரு பலாமரக் கட்டை. பள்ளிக்கூடம், கடை, பஸ், ஆஸ்பத்திரி எல்லாமே மறுகரையில். ஐயா வென்றார். தீபாவளி வந்தது, பாலம் வரவில்லை. அடுத்த பெருமழையில் கட்டைக்கு மேலால் தண்ணீர் போன இரவு, லெட்சுமணன் என்ற பால்வெட்டுக்காரரின் மனைவிக்குப் பிரசவ வலி. மறுகரைக்குக் கொண்டுபோக முடியவில்லை. தாய் பிழைத்தார், பிள்ளை இல்லை. காலையில் லெட்சுமணன் எங்கள் வாசலில் வந்து நின்று கேட்டார்.

"தீவாளி முடிஞ்சு போச்சுண்ணே. பாலம் எங்க?"

அவர் சத்தம் போடவில்லை. ஐயாவையும் திட்டவில்லை. சனத்துக்கு வாக்குக் கொடுத்தது அண்ணனின் வாய். அன்றிலிருந்து அந்தப் பாலம் அண்ணனின் கடனாகிவிட்டது.

ஐயாவின் வீட்டுக்குப் போனார். அங்கே நடந்த பேச்சு சிங்களத்தில். அண்ணன் பலமுறை சொல்லிக் காட்டியபடி தமிழில் தருகிறேன்.

"நான் எப்படா பாலம் தர்றேன்னு சொன்னேன்?"

"சனம் கை தட்டிச்சே ஐயா. நீங்க ரெண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டீங்களே."

ஐயா முதலில் முறைத்தாராம், பிறகு சிரித்தாராம். கடைசியில் ஒன்று கேட்டார்: "அந்தப் பக்கம் எத்தனை ஓட்டு?"

"நாப்பத்தியொண்ணு."

ஐயா அடுத்து நின்றவரைக் கூப்பிட்டார்.

லயத்தில் பெரும்பாலோருக்கு இந்த நாட்டில் பிரஜாவுரிமை இல்லை. பிரஜாவுரிமை இல்லாதவருக்கு வாக்கு இல்லை. வாக்கு இல்லாத கரைக்குப் பாலமும் இல்லை. அன்று பஸ்ஸுக்குக் காசிருந்தும் அண்ணன் நடந்தே வீட்டுக்கு வந்தார்.

எண்பத்துமூன்று ஆடிக் கலவரத்தில் எங்கள் லயத்திலும் தீ வைத்தார்கள். மூன்று காம்பிரா எரிந்தது. மறுகரையில் அண்ணனோடு குளித்து வளர்ந்த இருவர் வந்து மறித்ததால் மற்றவை தப்பின. எங்கள் தங்கை குடும்பத்தோடு இந்தியாவுக்குக் கப்பலேறினாள். "நீயும் வாண்ணே, இன்னும் என்ன இருக்கு இங்க?" என்று அழுதாள். "இப்ப போனா, பாலத்துக்குப் பயந்து ஓடிட்டான்னு சொல்லுவானுங்க," என்றார் அண்ணன். பேச்சுக்குச் சொல்கிறார் என்றுதான் அன்று நினைத்தேன்.

எண்பதுகளின் கடைசியில், சத்தியக்கடதாசி என்ற உறுதிமொழிப் பத்திரம் கொடுத்தால் பிரஜாவுரிமை உண்டு என்று சட்டம் வந்தது. பிற்பகல் தோறும் ஐந்தாறு பேரைக் கூட்டிக்கொண்டு அண்ணன் மாத்தளைக்குப் போவார். கையெழுத்துப் போடத் தெரியாதவர்களின் பெருவிரலைத் தானே பிடித்து மையில் அழுத்துவார். எந்தக் கட்சிக்கு ஓட்டுப் போடுவாய் என்று ஒருவரிடமும் கேட்டதில்லை. மற்றக் கட்சிக்காரர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் இதை அழுத்தியே எழுதுகிறேன். அப்படி எங்கள் கரையில் வாக்காளர் முந்நூற்றுப் பன்னிரண்டு பேர் ஆனார்கள்.

அடுத்த தேர்தல் வந்தது, அரசாங்கத்தை எதிர்த்துச் சிங்கள இளைஞர்கள் கிளர்ச்சி செய்து, மாத்தளையில் ஆற்றில் பிணங்கள் மிதந்த காலத்தில். ஓட்டுப் போடப் போகிறவன் திரும்பி வரமாட்டான் என்று கிளர்ச்சிக்காரர்கள் எழுதிய கடதாசி பலாக்கட்டையின் முனையில் ஒட்டியிருந்தது. வாக்குச்சாவடி மறுகரைப் பள்ளிக்கூடத்தில். காலையில் அண்ணி வாசலை மறித்து நின்றார்.

"உங்க ஒரு ஓட்டுல என்னங்க ஆகப்போவுது? புள்ளைங்கள நெனச்சுப் பாருங்க."

"புள்ளைங்கள நெனச்சுத்தான் போறேன். இன்னைக்கி யாருமே தாண்டலன்னா, பாலம் என்னத்துக்குன்னு ஐயா கேப்பாரு."

அண்ணன் முதல் ஆளாகக் கட்டையில் கால் வைத்தார். இரண்டாவது ஆள் லெட்சுமணன். மூன்றாவது நான். மறுகரையில் நின்று, வருகிறவர்களை எண்ணினேன். வேறு என்ன செய்வது, நான் கணக்கு ஆசிரியர். இருநூற்று எண்பத்தாறு பேர் வந்தார்கள். எல்லாரும் திரும்பியும் போனார்கள்.

அண்ணன் அந்த எண்ணிக்கையை எடுத்துக்கொண்டு ஐயாவிடம் போனார். இம்முறை ஐயா அடுத்தவரைக் கூப்பிடவில்லை.

பாலத்தின் திறப்பு விழாவில் கல்லில் ஐயாவின் பெயர் இருந்தது. அண்ணனின் பெயர் இல்லை. எனக்கு அது இன்றும் மனக்குறைதான். ஐயா ஒன்பது வசனம் பேசினார், அண்ணனும் தமிழில் ஒன்பதே வசனம் சொன்னார். அவர் ஒன்றும் கூட்டாமல் மொழிபெயர்த்து நான் கேட்டது அன்றுதான்.

"என்னண்ணே, இன்னைக்கி ஒண்ணும் சேக்கல?"

"சேக்கிறதுக்கு என்னடா இருக்கு? அதான் பாலம் நிக்குதே."

பிரதேச சபைக்கு நிற்க அண்ணன் இரண்டு முறை கட்சியிடம் இடம் கேட்டார். இரண்டு முறையும் டவுனில் கடை வைத்திருப்பவர்களுக்குக் கொடுத்தார்கள். அண்ணன் அவர்களுக்கும் மேசை தூக்கினார், மொழிபெயர்த்தார். வீட்டுக்கு நேரம் கொடுத்தது குறைவு என்பதை மறைக்க மாட்டேன். மூன்று பிள்ளைகளை வளர்த்தது அண்ணிதான். அண்ணனிடம் சைக்கிளை ஒழுங்காகத் துடைத்து வைக்கும் பழக்கமும் இருக்கவில்லை.

கடைசி இரண்டு வருடம் சர்க்கரை வியாதி அண்ணனின் காலை எடுத்துக்கொண்டது. அதே காலத்தில் ஒரு வெள்ளம் பாலத்தின் ஒரு பக்கக் கைப்பிடியை அடித்துப் போனது. மாத்தளை ஆஸ்பத்திரியில் நான் பார்க்கப் போகும்போதெல்லாம் அண்ணன் கேட்ட கேள்வி ஒன்றே: "கைப்பிடி போட்டாச்சா?" கடைசி நாளிலும் கேட்டார். இல்லை என்றேன். பொய் சொல்லியிருக்கலாம் என்று அண்ணி என்னை ஏசினார்.

அண்ணனின் சவப்பெட்டியை ஒரு பக்கம் கைப்பிடி இல்லாத அந்தப் பாலத்தில், பக்கவாட்டாக நடந்து, அடி அடியாகத்தான் கொண்டுபோனோம். இறுதிக் கிரியையில் ஐயாவின் மகன், இப்போது மாகாண சபை உறுப்பினர், சிங்களத்தில் ஏழு வசனம் அனுதாபம் சொன்னார். சொல்லி முடித்துவிட்டு வழக்கம்போல் வலப்பக்கம் திரும்பிப் பார்த்தார். அங்கே நிற்க வேண்டியவர் பெட்டிக்குள் இருந்தார். நான் எழுந்து போய் மொழிபெயர்த்தேன். ஏழு வசனமும் சரியாகத்தான் சொன்னேன். பிறகு எட்டாவது ஒன்றும் சொன்னேன்.

"எங்க அண்ணன் திவசத்துக்குள்ள பாலத்துக்குக் கைப்பிடி போட்டுத் தருவேன்னு ஐயா சொல்றாங்க."

மரண வீடு என்றும் பாராமல் பின்னாலிருந்து கை தட்டினார்கள். உறுப்பினர் திகைத்துக் கும்பிட்டார். பிறகு என்னைத் தனியே கூப்பிட்டு, நான் என்ன சொன்னதற்குக் கை தட்டினார்கள் என்று கேட்டார். உள்ளதைச் சொன்னேன். "அண்ணன் மாதிரியேதான். அப்பா சொல்லியிருக்கிறார்," என்றார்.

அண்ணனைப் பார்த்துக்கொண்ட வைத்தியர்களுக்கும் தாதிமாருக்கும், மரண வீட்டு மூன்று நாளும் வேலைக்குப் போகாமல் கூட இருந்த லயத்துச் சனத்துக்கும், பாதை நெடுக வெள்ளைக் கொடி கட்டிய மறுகரைக் கிராமத்தவர்களுக்கும், பெட்டியின் முன்பக்கத்தைத் தோளில் தாங்கிய லெட்சுமணனுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. மாகாண சபை உறுப்பினருக்கும் நன்றி. இந்த மலரில் ஒரு பிரதி அவருக்கும் போகும். இன்று காலை பாலத்தடியில் இரும்புக் குழாய் இறக்கியிருக்கிறார்கள். போய் எண்ணிப் பார்த்தேன், எட்டு இருக்கிறது. பன்னிரண்டு வேண்டும். வரவேண்டிய நான்குக்கும் சேர்த்தே இங்கு நன்றி சொல்லிவிடுகிறேன்.