ஏழு மணி நிகழ்ச்சி என்னுடையது

பொறாமை என்று சொன்னால் கொஞ்சம் கௌரவமாக இருக்கிறது. எனக்கு வந்தது வயிற்றெரிச்சல். என்னைவிட எட்டு வயது சின்னவள் ஒருத்தி மேல் வந்தது.

சேலத்தில் எங்கள் எஃப்.எம். நிலையம் தொடங்கிய கொஞ்ச நாளில் சேர்ந்தவள் நான். காலை ஏழு மணி நிகழ்ச்சி எனக்கு. செவ்வாய்ப்பேட்டைத் தெருவில் மளிகைக் கடை, துணிக்கடை, ஆட்டோ என்று எதைத் தாண்டி நடந்தாலும் என் குரல் அறுபடாமல் கூடவே வரும். ஒரு முறை ராசிபுரம் பஸ்ஸில் டிக்கெட் கேட்டதற்கே கண்டக்டர் திரும்பிப் பார்த்து, "மேடம், நீங்களா?" என்றார். அந்தக் குரலை நான் சும்மா வாங்கிவிடவில்லை. நானும் ராசிபுரத்துக்காரிதான். வீட்டில் 'ஊடு' என்றும் 'வாரேன்' என்றும் பேசி வளர்ந்தவள்தான். பயிற்சியின்போது, "இந்தப் பட்டிக்காட்டுப் பேச்சு மைக்கில் வரக் கூடாது" என்றார்கள். கண்ணாடி முன் நின்று நின்று அதை வாயிலிருந்து கழுவித் தள்ளினேன். கடைசியில் அம்மாவிடம் பேசும்போதுகூட அது வரவில்லை.

பிறகு போட்டிக்கு இன்னொரு நிலையம் வந்தது. இரண்டு பேரும் ஒரே பாட்டைப் போட்டோம், ஒரே பரிசைக் கொடுத்தோம், ஒருவர் ஜோக்கை ஒருவர் திருடினோம். ஒரு முறை இரட்டை அர்த்த ஜோக் ஒன்றுக்கு ஊரே திட்டியது. அதற்கு அடுத்த வாரம்தான் புது மேனேஜர் வந்தார். "நம்ம ஊரு மாதிரி பேசணும், மண்வாசனை வேணும்" என்றார். திருச்செங்கோட்டுப் பக்கத்திலிருந்து அவளைக் கூட்டி வந்தார்.

முதல் நாளே அவள் மைக்கில், "ஏனுங்க சாமி, எந்திரிச்சாச்சுங்களா? ஊட்டுல காப்பித்தண்ணி ஆச்சுங்களா?" என்றாள். அவ்வளவுதான். போன் லைன்கள் நிரம்பி வழிந்தன. எதைத் துப்பச் சொன்னார்கள் என்று நான் துப்பினேனோ, அதையே வாயில் வைத்துக்கொண்டு அவள் பெயர் வாங்கினாள். நேற்றுப் பெய்த மழைக்கு இன்று முளைத்த காளான்! என் ஏழு மணி அவளுக்குப் போனது. எனக்குப் பகல் இரண்டு மணி தந்தார்கள். அந்த நேரத்தில் இந்த வெயிலில் ரேடியோ கேட்பவர்கள் தூங்கப் போகிறவர்கள் மட்டுமே. போதாததற்கு அவள் நிகழ்ச்சிக்கு நான் எடுபிடி வேலையும் பார்க்க வேண்டும்.

அந்த வேலை இதுதான். காலையில் ஒருவரைப் போனில் கூப்பிட்டு ஏமாற்றிச் சிரிக்கும் 'கலாய்ப்பு கால்' என்று ஒரு பகுதி உண்டு. நேயர்கள் தங்கள் சொந்தக்காரர் நம்பரை எழுதி அனுப்புவார்கள். இப்படிச் சொல்லிக் கலாயுங்கள் என்று விஷயமும் அவர்களே கொடுப்பார்கள். போட்டி நிலையம் நேரலையில் செய்ததால் நாங்களும் நேரலையில் செய்தோம். அதனால் ஒரு விதி வைத்திருந்தோம். முதல் நாள் மாலை, எழுதி அனுப்பியவரைக் கூப்பிட்டு, "நாளைக்குப் பண்ணலாமா?" என்று கேட்க வேண்டும். சரி என்றால் லிஸ்டில் டிக். இல்லையென்றால் சிவப்பு மையில் அடித்துவிட வேண்டும். கேட்பது என் பொறுப்பு.

நாமக்கல் பக்கம் ஒரு பெண் எழுதியிருந்தாள். அவளுடைய அக்கா வீட்டுக்காரர் சொந்தமாக லாரி வாங்கிவிட்டு ஒருத்தருக்கும் விருந்து வைக்கவில்லையாம். "புது லாரிக்கு பேண்டு செட்டு சொல்லியிருக்கீங்களே, எங்க வந்து எறங்கறது?" என்று கேட்டு அவரை அலற வைக்க வேண்டுமாம்.

மாலையில் கூப்பிட்டேன். நாளைக்குப் பண்ணலாமா என்று கேட்டேன்.

"வேண்டாமுங்க மேடம். மாமனோட அப்பா தவறிட்டாருங்க. இன்னைக்குத்தான் எடுத்தோம்."

"அய்யோ, சரிம்மா" என்று போனை வைத்தேன். லிஸ்ட் முன்னால் இருந்தது. சிவப்புப் பேனாவும் பக்கத்தில் இருந்தது. கண்ணாடிக்கு அப்பால் அந்தத் திருச்செங்கோட்டுக்காரி மேனேஜரோடு சிரித்துக்கொண்டிருந்தாள். கை டிக் போட்டுவிட்டது. இல்லை, கை மேல் பழி போடுவானேன்! நான்தான் போட்டேன்.

மறுநாள் காலை வீட்டில் ரேடியோவைப் போட்டு உட்கார்ந்தேன். அவள் அந்த லாரிக்காரரைக் கூப்பிட்டாள். "ஏனுங்கண்ணா, பேண்டு செட்டுக்காரங்க பேசறமுங்க. எங்க வந்து எறங்கறதுங்க?"

அவர் சொன்னார். "நேத்தே வந்து அடிச்சுட்டுப் போயிட்டாங்களே சாமி. அப்பனை எடுத்தாச்சு."

இந்த மாதிரி ஆனால் உடனே லைனை வெட்டிப் பாட்டைப் போட வேண்டும். எங்களுக்கு அது பாலபாடம். அவள் வெட்டவில்லை. "அய்யோ சாமி, தெரியாமப் பண்ணிப்போட்டனுங்க" என்று அழுதாள். அவரும் அழுதார். என்ன உடம்புக்கு, எத்தனை நாள் கிடந்தார் என்றெல்லாம் விசாரித்தாள். ஊர் முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தது.

அன்றைக்கே அந்தத் துண்டு வாட்ஸ்அப்பில் பறந்தது. எழவு வீட்டை வைத்துக் காசு பார்க்கிறார்கள் என்று நிலைய வாசலில் கூட்டம் கூடிவிட்டது. மேனேஜர் எங்கள் இருவரையும் நிறுத்திக் கேட்டார். "கேட்டேன் சார், சரின்னாங்க" என்றேன். நாக்கு கொஞ்சமும் பிசகவில்லை. இத்தனை வருடப் பயிற்சி இல்லையா!

"லைனை ஏம்மா வெட்டலை?" என்று அவளைக் கேட்டார்.

"எழவு ஊட்டுல பேசிட்டிருக்கறவங்க லைனை எப்படிங்க சார் வெட்டறது?"

அவளை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஏழு மணி எனக்குத் திரும்பி வந்தது. நிலையத்தின் மன்னிப்பை மணிக்கொரு முறை வாசிக்கவும் என்னையே போட்டார்கள். மன்னிப்புக்கு என் குரல்தான் பொருத்தமாம். அன்று சந்தோஷமாக இருந்தேன். பொய் சொல்லிப் பயனில்லை, உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தேன்.

மூன்றாவது வாரம், காலை ஏழேகாலுக்கு, நேரலையில் ஒரு பெண் லைனில் வந்தாள். என்ன பாட்டு வேண்டும் என்று கேட்டேன்.

"பாட்டு வேண்டாமுங்க மேடம். அன்னைக்குச் சாயங்காலம் எனக்குக் கூப்பிட்டது நீங்கதானுங்களே? தவறிட்டாரு, வேண்டாமுன்னு உங்ககிட்டத்தானுங்க சொன்னேன். இதே கொரலுதானுங்க."

என் கை பட்டன் மேல் போனது. அதற்குள் அவள் தொடர்ந்தாள்.

"மாமங்கிட்டப் பேசி அழுதுச்சே, அந்தப் புள்ள கருமாதிக்கு எங்கக்கா ஊட்டுக்கு வந்திருந்துச்சுங்க. அதுகிட்டயும் சொன்னேன். யாருகிட்டயும் சொல்லாதீங்கக்கா, அவங்க ரொம்ப வருசமா இருக்கறவங்க, இதை உட்டா அவங்களுக்கு வேற ஒண்ணுமில்லீன்னுச்சு. எனக்குத்தானுங்க மனசு கேக்குல."

லைனை வெட்டினேன். பாட்டைப் போட்டேன். கண்ணாடிக்கு அப்பால் மேனேஜர் எழுந்து நிற்பது தெரிந்தது.

இப்போது ஏழு மணி அவளுடையதுதான். நான் வேலையை விட்டாயிற்று. அவளுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. மேனேஜரிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அடுத்த நாளே திரும்பி வந்திருப்பாள். தெரிந்த பிறகும் வாயைத் திறக்காமல் வீட்டில் இருந்திருக்கிறாள். எனக்கு அது வராது. என் நிகழ்ச்சி அவளிடம் போனபோதுகூட எனக்கு இவ்வளவு வயிறு எரியவில்லை.