பட்டியலில் விட்டுப்போன அப்பா வழி

மலேசியாவில், ஈப்போ நகரத்தில் ஒரு மருத்துவ ஆய்வுக்கூடத்தில் வேலை செய்கிறேன். என் அக்காவுக்குச் சூலகப் புற்றுநோய் வந்தபோது, குடும்பத்தில் வேறு யாருக்குப் புற்றுநோய் இருந்தது என்று டாக்டர் கேட்டார். பெண்களுக்கு வரும் நோய்தானே என்று அம்மா வழியை மட்டும் விசாரித்து, ‘யாருமில்லை’ என்று எழுதினேன்.

தாளைப் பார்த்து அக்கா சிரித்தாள். “அப்பாவுக்கும்தான்டி நாம பொறந்தோம் லா!”

கீமோ களைப்போடு படுத்தபடியே கோலா கங்சார் பெரியப்பாவுக்குப் போன் செய்தாள். அவர் தயங்கித் தயங்கிச் சொன்னார்: “ஒங்க அத்தைங்க ரெண்டு பேருக்கும் மார்புல புத்துக்கட்டிம்மா. பிள்ளைங்க கல்யாணம் கெட்டுரும்னு வயித்து வலின்னு சொல்லி வச்சோம்.”

உடனே மரபணுப் பரிசோதனை செய்தார்கள். மார்பிலும் சூலகத்திலும் கட்டி வளராமல் தடுக்க வேண்டிய ஒரு மரபணு அக்காவுக்குப் பழுதாக இருந்தது. அப்பாவுக்கும் அதே பழுது. அந்தப் பழுதுள்ள புற்றுநோய்க்கு நன்றாக வேலை செய்யும் மாத்திரையை, கீமோ முடிந்ததும் டாக்டர் தொடங்கினார். இதுவரை நோய் அடங்கியே இருக்கிறது. அத்தை மகள்களையும் அக்காவே பேசிப் பரிசோதனைக்கு அனுப்பினாள்.

இப்போது யாருக்குக் குடும்ப விவரம் எழுதினாலும் இரண்டு வழியையும் கேட்கிறேன். எங்கள் உறவினர் யாராவது மழுப்பினால், போனை அக்காவிடம் கொடுத்துவிடுகிறேன்.