பொருள்: பாட்டு கேட்டல் – தொடர்பாக

மனு எழுதுவதில் நான் கெட்டிக்காரன். தற்பெருமை என்று நினைத்தாலும் கவலையில்லை. லாஸ்பேட்டை குவார்ட்டர்ஸில் தெருவுக்குக் குழாய் வேண்டுமா, மகளுக்கு சீட் வேண்டுமா, இடமாற்றத்தை ரத்து செய்ய வேண்டுமா, எல்லாரும் என் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள். எழுத்தராக வேலைக்குச் சேர்ந்த கொஞ்ச நாளிலேயே பொருள், பார்வை, நகல் எல்லாம் எனக்குக் கைவந்துவிட்டன. நான் எழுதிய ஒரே ஒரு மனுவைப் பார்த்துத்தான் முன்பின் தெரியாத ஜனங்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அது என் நண்பனுக்காக எழுதியது.

அவன் தவளக்குப்பத்துக்காரன். கல்லூரியில் ஒன்றாகப் படித்தோம். அவன் அப்பா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட எங்கள் ஊரில் இப்படிப்பட்டவர்களை சொல்தா என்போம். குடும்பத்துக்கே பிரெஞ்சுக் குடியுரிமை. பிள்ளையும் அங்கே போய்ப் பட்டாளத்தில் சேர வேண்டும் என்பது அவன் பிறந்த அன்றே முடிவாகிவிட்ட விஷயம். அவனுக்கோ கிதார்தான் எல்லாம். தானே பாட்டு எழுதி, தானே மெட்டுப் போட்டு, தானே பாடுவான். ஹாலில் அப்பா பிரெஞ்சு டி.வி. பார்த்துக்கொண்டிருப்பார். இவன் உள்ளே கிதாரை எடுத்தால் டி.வி. சத்தம் கூடும்.

ஒரு நாள் நான் அங்கே இருக்கும்போதே அப்பா கிதாரைப் பற்றி ஆரம்பித்துவிட்டார்.

"சொந்தக்காரன் சொல்றது, உன் கூட்டாளிங்க சொல்றதெல்லாம் கணக்குல வராது. வெளியூர்க்காரன் எவனாவது ஒருத்தன் உன் பாட்டு நல்லாருக்குன்னு எழுதட்டும். நீ இங்கியே இரு, நான் வாயத் தொறக்கல. இல்லன்னா பொங்கல் முடிஞ்சதும் கெளம்பு, டிக்கெட் போட்டு வச்சிருக்கேன்," என்றார்.

அது இணையத்தில் பிளாக்குகள் கொடிகட்டிப் பறந்த காலம். பெங்களூரிலும் மும்பையிலும் உட்கார்ந்துகொண்டு, சினிமாவில் வராத பாட்டுகளைப் பற்றி இங்கிலீஷில் எழுதுகிறவர்கள் சிலர் இருந்தார்கள். அவர்கள் ஒரு வரி எழுதினால் நாலு ஊரில் கேட்பார்கள் என்று நண்பன் சொன்னான். பாட்டை என் குவார்ட்டர்ஸ் அறையில்தான் பதிவு செய்தோம். மலிவான மைக். பக்கத்து வீட்டுக் குக்கர் விசில் ஒன்று நடுவில் விழுந்துவிட்டது. இருக்கட்டும் என்று விட்டுவிட்டான். தவளக்குப்பம் ஜங்ஷனில் பஸ்ஸுக்கு நிற்கிற ஒருவன், வருகிற பஸ்ஸை எல்லாம் ஏதாவது ஒரு சாக்கு சொல்லி விட்டுக்கொண்டே இருக்கிறான். பாட்டு அவ்வளவுதான். முதல் தடவை கேட்டு முடித்ததும், இது நல்ல பாட்டு என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அதை அவனிடமே சொன்னேன்.

பாட்டை இலவசமாகப் போட்டுவைக்கிற ஒரு தளத்தில் ஏற்றினோம். எத்தனை பேர் இறக்கினார்கள் என்று அதுவே எண்ணிக் காட்டும். அடுத்த வேலை, பிளாக்காரர்களுக்குக் கடிதம். நண்பன் பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து இரண்டே வரி அடித்தான். வணக்கம், இது என் பாட்டு, நேரமிருந்தால் கேளுங்கள் என்று. எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"பெரிய மனுஷங்களுக்கு இப்பிடியாடா எழுதுவாங்க? பெட்டிக்கடையில சோடா கேக்கறாப்ல இருக்கு. தள்ளு," என்றேன்.

நான் இங்கிலீஷில் எழுதியதுதான் மனு. பொருள்: பாட்டு கேட்டல், வேண்டுதல், தொடர்பாக. மதிப்பிற்குரிய ஐயா என்று ஆரம்பித்து, மனுதாரர் யார், எந்த ஊர், என்ன படித்தவர், சிறு வயது முதல் எப்படிப் பாடி வருகிறார், ஏன் அவருக்குத் தங்கள் உதவி தேவைப்படுகிறது என்று பத்தி பத்தியாக விளக்கி, தயவுகூர்ந்து ஆவன செய்யும்படி கேட்டு, அடியில் பாட்டின் இணைப்பையும் போட்டு முடித்தேன். எல்லா பிளாக்காரர்களின் முகவரியையும் ஒரே கடிதத்தில், யார் பெரியவர், யார் சின்னவர் என்று விசாரித்து வரிசைப்படி நகலில் போட்டேன். பதில் வரவில்லை. அலுவலகத்தில் பதில் வராவிட்டால் என்ன செய்வோமோ அதையே செய்தேன். ஒரு நினைவூட்டு, அப்புறம் இரண்டாம் நினைவூட்டு.

மார்கழியில் பதில் வந்தது. எங்களுக்கு இல்லை, ஊருக்கே வந்தது. ஒரு பிளாக்காரர் என் மனுவை அப்படியே எடுத்துப் போட்டு, 'பாட்டை எப்படி அனுப்பக் கூடாது' என்று தலைப்பு வைத்திருந்தார். ஒரே கடிதத்தை ஊருக்கெல்லாம் அனுப்பாதீர்கள். என் பெயரைச் சொல்லி எழுதுங்கள். குடும்பக் கதை வேண்டாம். நச்சரிக்காதீர்கள். இரண்டு வரியும் ஒரு இணைப்பும் போதும். இப்படிப் போயிற்று அவருடைய உபதேசம். இதை முன்னாலேயே எழுதித் தொலைத்திருந்தால் நான் பாட்டுக்கு அதன்படி அனுப்பியிருப்பேனே! கீழே வாசகர்கள் கூட்டம் கூட்டமாக வந்து சிரித்திருந்தார்கள். 'மனுதாரர்' என்கிற சொல்லை வைத்தே ஆளுக்கொரு நக்கல்.

நண்பன் கடைசி வரை படித்துவிட்டு, பாட்டு இருந்த பக்கத்தைத் திறந்தான். இறக்கியவர்கள் எண்ணிக்கை முந்தின வாரம் இருந்த அதே எண்தான். அதில் பாதி நான், மீதி அவன். அத்தனை பேர் சிரித்ததில் ஒருத்தர்கூட அந்த இணைப்பை அமுக்கிப் பார்க்கவில்லை.

"வாடா போவலாம்," என்று எழுந்தான்.

வீட்டில் அவன் எதையும் மறைக்கவில்லை. அப்பா டி.வி. சத்தத்தைக் குறைத்துவிட்டுக் கேட்டார்.

"உன் கூட்டாளி எழுதுன கடுதாசியத் திட்டிட்டான், சரி. பாட்டப் பத்தி இன்னா சொல்றான்?"

"ஒண்ணும் சொல்லலப்பா. அவன் கேக்கவே இல்ல."

"கேக்காமயே எப்பிடிடா எழுதுவான்? இன்னா மனுஷன் அவன்?" உண்மையாகவே கோபப்பட்டார். எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

"நீங்களும்தான் கேக்கலப்பா," என்றான் நண்பன். குரலை உயர்த்தவில்லை. "கேக்காமயேதான டிக்கெட் போட்டீங்க?"

அவர் டி.வி.யை அணைத்தார். "சரி, இப்பப் பாடு," என்றார். அவன் பாடவில்லை. பசிக்குது என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டான். பொங்கல் முடிந்து சொன்னபடியே விமானம் ஏறினான். கிதார் அவன் அறையிலேயே கிடந்தது.

அந்த வருஷ மழைக்காலத்தில் ஒரு நாள் அவன் அப்பா மொபெட்டில் என் குவார்ட்டர்ஸுக்கு வந்தார். ஆள் இளைத்திருந்தார். தண்ணீர் கொடுத்தேன், குடித்தார்.

"அந்தப் பாட்டு வேணும்பா. போன்ல கேட்டா மறந்துட்டேங்கறான்."

என்னிடம் இருந்த கம்ப்யூட்டர் அதற்குள் செத்துப்போயிருந்தது. பாட்டை எழுதிவைத்த சிடி ஒன்று இருந்தது. போட்டால் சுற்றுகிறதே தவிர பாடவில்லை. உப்புக்காற்றில் பூத்துப்போயிருந்தது. பரவாயில்லை, இணையத்தில் இருக்கும் என்று பிரவுசிங் சென்டருக்கு அழைத்துப் போனேன். பக்கத்தைத் திறந்தேன். பாட்டு இல்லை. நீண்ட நாட்களாக யாரும் இறக்காததால் கோப்பு நீக்கப்பட்டது என்று ஒரு வரி மட்டும் இருந்தது. அவருக்கு அதைத் தமிழில் சொன்னேன்.

நாற்காலியை இழுத்துத் திரைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"அந்தக் கடுதாசியாவது இருக்குதா?"

அது இருந்தது. பிளாக்கில் ஒரு எழுத்துக் குறையாமல், கீழே அத்தனை சிரிப்போடும் இருந்தது. படிக்கச் சொன்னார். ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னேன். மனுதாரர் சிறு வயது முதல் பாடி வருகிறார். அவருக்கு வெளிநாட்டில் ராணுவ வேலை காத்திருக்கிறது. அவருக்கு அதில் விருப்பமில்லை. சொந்த ஊரிலேயே இருந்து பாட விரும்புகிறார். இதைத் தன் தகப்பனாரிடம் நேரில் சொல்ல அவருக்குத் துணிச்சல் இல்லை. எனவே அவருடைய பாட்டை ஒரு முறை கேட்டு, ஒரு நல்ல வார்த்தை சொல்லி ஆவன செய்யும்படி மிகப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

அவர் சிரிக்கவில்லை. அந்த மனுவைப் படித்துச் சிரிக்காத ஆள் எனக்குத் தெரிந்து அவர் ஒருத்தர்தான்.

"நல்லாத்தாம்பா எழுதியிருக்க," என்றார். "எங்கிட்ட குடுத்திருக்கலாம் இல்ல?"